மேசை வரிசை பற்றி வேலூர் ஆர்வலர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் வட்டாரங்களில் இயங்கிவரும் காசு சேகரிப்போர், தபால்தலை சேகரிப்போர், கல்வெட்டு ஆர்வலர், வான்நோக்குவோர், அமெச்சூர் வானொலியினர், சதுரங்கத்தினர், கணினி நிரல் எழுதும் மாணவர், காமிக்ஸ் வாசகர், அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் படங்களின் ரசிகர் ஆகிய ஒன்பது குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

நான் தபால் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பள்ளிப் பருவத்தில் தொடங்கிய தபால்தலைச் சேகரிப்பை இன்றுவரை விடாமல் வைத்திருப்பவன். கோடை விடுமுறையில் காட்பாடியில் ஒரு பள்ளிக் கூடத்தில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடத்துவதாக இருந்த கண்காட்சிக்கு மேசைகளை ஒதுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தீர்கள். அந்தக் கண்காட்சி நின்றுபோனதற்கு இடமோ பணமோ காரணம் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். யாருடைய மேசைக்குப் பக்கத்தில் யாருடைய மேசை என்ற கேள்வியில்தான் அது நின்றது. இரண்டாவது ஆலோசனைக் கூட்டம் முடிந்து, ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் நாம் கலைந்த அந்த மாலைக்குப் பிறகு, உங்களிடம் தனித்தனியே சொல்ல நினைத்ததை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது.

அன்று நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காமிக்ஸ் மேசைக்குப் பக்கத்தில் உட்கார முடியாது என்று காசு சேகரிப்போர் சொன்னார்கள். தாங்கள் செய்வது ஆராய்ச்சி, மற்றவர்கள் செய்வது பொழுதுபோக்கு, ஆகவே வாசலையொட்டிய முதல் மேசை தங்களுக்கே என்று கல்வெட்டு ஆர்வலர் கேட்டார்கள். காசும் தபால்தலையும் பணம் இருந்தால் யாரும் வாங்கி அடுக்கக்கூடியவை, அதில் மூளைக்கு என்ன வேலை என்று நிரல் எழுதும் மாணவர் ஒருவர் கேட்டார். சதுரங்கத்தினர் தங்களை விளையாட்டுத் துறையோடு சேர்க்க வேண்டுமே தவிர இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது என்றார்கள். வண்ண முடியும் அட்டை வாளுமாக வேடமிட்டு வரும் அனிமே பிள்ளைகள் தொலைநோக்கி வைத்திருக்கும் பக்கம் வந்தால், பார்க்க வரும் பெற்றோர் எல்லாவற்றையும் விளையாட்டு என்று நினைத்துவிடுவார்கள் என வான்நோக்குவோர் அஞ்சினார்கள். அனிமே பிள்ளைகளோ, தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்களைத் தங்கள் மேசையில் உட்காரவைக்க மறுத்தார்கள். நான் பென்சிலால் வரைந்து கொண்டுவந்திருந்த வரைபடத்தை அழித்து அழித்து, கடைசியில் அந்தத் தாளே கிழிந்துபோயிற்று.

இவ்வளவையும் உங்கள் குற்றப்பட்டியலாக நான் எழுதவில்லை. இந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது என் பெயர். அதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் மாதந்தோறும் கூடும் நூலக அறைக்கு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் முப்பது நாற்பது தபால்தலைகள் இருந்தன. முதல் பக்கத்தில், வேலூர்ப் புரட்சியின் 200-ஆம் ஆண்டை ஒட்டி 2006 ஜூலை 10 அன்று வெளியான ஐந்து ரூபாய்த் தபால்தலை இருந்தது. யாரோ தாத்தாவுக்கு வந்த உறையிலிருந்து கத்தரித்து, பின்புறம் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தாள். தபால்தலை சேகரிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாவம் என்பது தெரியும். தபால்தலையை விரலால் தொடக்கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும். ஓரத்துப் பற்களில் ஒன்று மடங்கினாலும் மதிப்புப் போயிற்று. 2 சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் என்று எண்ணி ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிகிறவர்கள் நாங்கள். நான் அந்த நோட்டை வாங்கி, அங்கிருந்த பெரியவர்கள் முன்னிலையில் தூக்கிக் காட்டி, ‘இப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு இதுதான் உதாரணம்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன் பிறகு அவள் அந்த அறைக்கு வரவில்லை.

அந்தப் பக்கத்தில் தபால்தலைக்குக் கீழே அவள் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததை நான் பார்த்தேன், படிக்கவில்லை. சென்ற ஆண்டு அதே நூலகத்தின் கீழ்த்தளத்தில் அவளைக் கண்டபோது, அந்த நோட்டை மறுபடி கேட்டு வாங்கிப் படித்தேன். ‘எங்களைக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு தலைப்பாகைக்காக இத்தனை பேர் ஏன் உயிரை விட்டார்கள் என்று சார் சொல்லவில்லை. கண்டுபிடிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது. 1806-இல் சிப்பாய்களின் மேல் திணிக்கப்பட்ட புதிய தலைப்பாகையையும், நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவையும் பற்றி இரண்டு மணி நேரம் பேசக்கூடிய பெரியவர்கள் மூன்று பேர் அன்று அந்த அறையில் இருந்தார்கள். அவளுடைய கேள்வி அவர்களுக்கு ஓரடி தூரத்தில் திறந்து கிடந்தது. எங்கள் கண்ணுக்குப் பசை மட்டும் தெரிந்தது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எங்கே போனாய் என்று விசாரித்தேன். அனிமே குழுவுக்குப் போயிருக்கிறாள். ஜப்பானிய ஒலியில் பார்க்காமல் டிவியில் தமிழில் பார்த்தவள் என்பதால் அங்கே அவளை ஓரம் கட்டியிருக்கிறார்கள். கணினிக் குழுவுக்குப் போயிருக்கிறாள். பள்ளியில் ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரல் மொழியில் வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி ஒரு சின்ன விளையாட்டுச் செய்ததைக் காட்டியபோது, இது நிரலே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சிறிதும் கோபம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு அவள் கேட்டாள்: “உங்க குரூப்புல எல்லாம் சேர்றதுக்கு முன்னாடி எதுனா பரீட்சை கீதா தாத்தா?”

அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நான் யோசித்ததெல்லாம்தான் இந்த மடல்.

நம் ஒன்பது குழுக்களிலும் ஒரே வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்: ‘இதெல்லாம் சோறு போடுமா?’ காசு பொறுக்கியபோது கேட்டோம், மொட்டை மாடியில் நள்ளிரவு வரை நின்றபோது கேட்டோம், பரீட்சைக்கு முந்தின நாள் காமிக்ஸ் புத்தகம் பிடிபட்டபோது அடியோடு சேர்த்துக் கேட்டோம். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் நிலம், வேலை, மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டிருக்கும்போது, நமக்கு மிகவும் பிடித்ததைப் பற்றி வாய் திறக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தவர்கள் நாம். அப்படிப்பட்டவர்கள் ஒரு கூரையின் கீழ் கூடினால் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்வார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. ஏன் என்று நெடுநாள் யோசித்தபோது, நம்மைத் தாழ்த்திய அந்த அளவுகோலை நாம் தூக்கி எறியவே இல்லை, வீட்டிலிருந்து கையோடு எடுத்து வந்திருக்கிறோம் என்பது எனக்குப் புரிந்தது.

நம் குழுக்களுக்குள் யார் மேல், யார் கீழ் என்று சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். நிரல் எழுதுவோர் தங்களை மேலாக நினைப்பதற்கு, அதில் வேலை கிடைக்கும் என்பதைத் தவிர வேறு என்ன காரணம்? கல்வெட்டு ஆர்வலருக்கு மாலை போட மேடை இருக்கிறது, ஊர்ப் பெருமை அதில் கலந்திருக்கிறது. சதுரங்கத்தில் பரிசுக் கோப்பையும் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. காசுக்கு விலை உண்டு. காமிக்ஸ் கீழே இருப்பது அதைச் சிறுபிள்ளைகளோடு ஊர் சேர்த்துப் பார்ப்பதால். வேடமிடும் பிள்ளைகள் எல்லோருக்கும் கீழே இருப்பதற்கு, அவர்களுடைய ஆசை உடம்பின் மேலேயே தெரிகிறது, மறைத்துக்கொள்ள வழியில்லை என்பதுதான் காரணம். அந்த அட்டை வாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுத்து, காகிதக் கூழ் பூசி, உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்து, ஈயப்பூச்சுப் போலத் தெரியும்படி சாம்பல் நிறத்துக்கு மேல் வெள்ளியைத் தொட்டுத் தொட்டு வைத்திருந்தான் அந்தப் பையன். வேலைப்பாட்டில் அது என் ஆல்பத்துக்கு எந்த வகையிலும் குறைந்தது இல்லை. வரிசையில் அவனுடைய இடத்தைத் தீர்மானித்தது அந்த வேலைப்பாடு இல்லை. சோறு போடுமா என்ற அந்தப் பழைய கேள்விக்கு யார் எவ்வளவு பக்கத்தில் விடை வைத்திருக்கிறார்கள் என்பதே தீர்மானித்தது.

இந்த மண்ணில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. படிப்படியாக அமைந்த ஏற்றத்தாழ்வில் மேலே போகப் போக மரியாதையும் கீழே போகப் போக இகழ்ச்சியும் கூடிக்கொண்டே போவதை அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருப்பதால் மொத்த ஏணியையும் யாரும் எதிர்ப்பதில்லை என்று காட்டியவர் அவர். 1989-இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது நம் பகுதிக்குச் சில ஆண்டுகள் அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. அந்தப் பெயரை உறைகளின் மேல் முத்திரையாகக் குத்திய கை என்னுடையது. ஒரு மேசைக்காக நாம் போட்ட சண்டையைச் சாதிக் கொடுமையோடு ஒப்பிடுவது பெரும் தவறு; ஒருவருடைய தண்ணீரையும் தெருவையும் உயிரையும் பறிப்பது வேறு, ஒருவருடைய ஆசையை ஏளனம் செய்வது வேறு. ஆனால் ‘அவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டோம்’ என்ற வாக்கியம் நம் வாயில் அவ்வளவு எளிதாக வந்ததே, அதை நாம் எங்கே கற்றோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இகழ்ச்சி தூரத்தில் இருப்பவர் மேல் போவதைவிடப் பக்கத்தில் இருப்பவர் மேல் கடுமையாகப் போகிறது என்பதையும் கவனித்தேன். கிரிக்கெட் பார்ப்பவரை நம்மில் யாரும் இகழ்வதில்லை. அனிமே பிள்ளைகளின் கோபமெல்லாம் டப்பிங்கில் பார்ப்பவர் மேல். எங்கள் கோபமெல்லாம் பறவை, ரயில், பூ என்று பொருள்வாரியாகத் தபால்தலை சேர்ப்பவர் மேல். காசு சேகரிப்போர் இதை எல்லோரையும்விட நன்றாக அறிவார்கள், ஏனென்றால் ஆற்காடு ரூபாயைக் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆற்காட்டின் பெயரைப் பொறித்த வெள்ளி நாணயங்களை ஆங்கிலேயரும் அடித்தார்கள், பிரெஞ்சுக்காரரும் புதுச்சேரியில் அடித்தார்கள். பேரரசர் பெயர், பாரசீக எழுத்து எல்லாம் பார்வைக்கு ஒன்றே. பிறைக் குறி இருந்தால் பிரெஞ்சு, தாமரை இருந்தால் ஆங்கிலேயர் என்று லென்ஸ் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கடலிலும் கரையிலும் ஒருவரையொருவர் அழிக்கப் பார்த்த இரண்டு கம்பெனிகளின் காசுகள், இன்று ஒரு சாமானியரின் உள்ளங்கையில் ஒரே காசாகத்தான் தெரிகின்றன. உளவியல் அறிஞர் ஃபிராய்டு இதைச் சிறு வேற்றுமைகளின் மேல் கொள்ளும் தன்மோகம் என்று குறித்தார். ஊர் நம் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கிறது என்ற அச்சத்தில்தான், ‘நான் அவர்களில் ஒருவன் இல்லை’ என்பதை இவ்வளவு சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை இகழ்ச்சி என்று சொல்ல எனக்கே மனம் வருவதில்லை, ஏனென்றால் அதன் அடியில் ஒரு வலி இருக்கிறது. நம் வானொலிக் குழுவின் மூத்த உறுப்பினர், புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைக் கற்றது எப்படி என்று ஒரு முறை சொன்னார். மனைவி தூங்கிய பிறகு, தலையணைக்கு அடியில் கைவைத்து, விரலால் மெத்தையில் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறார். 30 மெகாஹெர்ட்சுக்குக் கீழ் ஒலிபரப்ப மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயத்தை 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு நீக்கியது. அமெரிக்கா 2007-இல் அந்தத் தேர்வை முழுவதுமாகக் கைவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களை அவர் ‘நோகாமல் வந்தவர்கள்’ என்கிறார். வான்நோக்குவோரிடமும் இதே பேச்சுதான். ஆறு அங்குலக் கண்ணாடி வட்டத்தைக் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி மாதக்கணக்கில் கையால் தேய்த்துக் குழி ஆடி செய்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் தானாகவே கோளைத் தேடித் திரும்பும் கருவியை வாங்கி வந்தவர்களும் இருக்கிறார்கள். முன்னவர்களின் கண்ணில் பின்னவர்கள் வானத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

கணினித் துறையின் தொடக்க காலத்திலேயே இது நடந்திருக்கிறது. 1950-களில் இயந்திர மொழியில் எண்களாக நிரல் எழுதியவர்கள், மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதியதை இயந்திரமே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் என்பதை நம்பவும் இல்லை, விரும்பவும் இல்லை. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பாக்கஸ், அந்தக் காலத்து நிரலாளர்கள் தங்களைப் பூசாரி வர்க்கம் போலக் கருதிக்கொண்டதைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அன்று ஃபோர்ட்ரானை இகழ்ந்தார்கள். ஃபோர்ட்ரானில் எழுதியவர்கள் அடுத்து வந்ததை இகழ்ந்தார்கள். இன்று பைத்தானில் எழுதும் நம் மாணவர், கட்டங்களை இழுத்துப் பொருத்திய ஒரு சிறுமியை இகழ்கிறார். நான் பட்ட கஷ்டத்தை நீயும் படாவிட்டால் நான் பட்டது வீணாகிவிடும் என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றின் அடியிலும் இருக்கிறது. மூத்தவர்களிடம் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்: அது வீணாகாது. மெத்தையில் தட்டிய விரலுக்கு அந்த மோர்ஸ் இன்னமும் தெரியும். புதிதாக வந்தவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை.

அறிவில் பெரியவர்களும் இதற்கு விலக்கு இல்லை. இயற்பியலைத் தவிர மற்ற அறிவியலெல்லாம் தபால்தலை சேகரிப்புதான் என்று இயற்பியலாளர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. முதன்முதலில் அதைப் படித்தபோது, அவர் இகழ எடுத்துக்கொண்ட பொருள் என் வாழ்க்கையாக இருந்ததால் எனக்கு மிகவும் வலித்தது. அவருக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது வேதியியலுக்காக. அறிவியல் புனைகதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடியபோது, போட்டிக் குழுவைச் சேர்ந்த ரசிகர்கள் சிலரை அமைப்பாளர்கள் உள்ளே விடாமல் வாசலிலேயே தடுத்து நிறுத்தினார்கள். முதல் உலக மாநாடு, வந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர், அதிலும் வாசலில் ஒரு தடை!

நம் புலவர் மரபிலும் இது உண்டு. பிழையாகப் பாடுபவரைத் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியனும், காதை அறுக்க வில்லிபுத்தூராரும், தலையை வெட்ட ஒட்டக்கூத்தரும் இப்போது இல்லையே என்று வருந்தும் தனிப்பாடலைத் தமிழ் படித்தவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே வில்லிபுத்தூராரைப் பற்றி நம் திருவண்ணாமலை வட்டாரத்தில் வழங்கும் கதையை அவர்கள் அவ்வளவு சொல்வதில்லை. தோற்றவர் காதை அறுப்பது என்ற நிபந்தனையோடு அருணகிரிநாதரிடம் வாதுக்கு வந்தவர், கந்தரந்தாதியின் 54-ஆம் பாடலில், தகர வரிசை எழுத்துகளால் மட்டுமே அமைந்த அந்தச் செய்யுளில், பொருள் சொல்ல முடியாமல் நின்றார். காதை அறுக்கும் உரிமை கைக்கு வந்தபோது அருணகிரியார் அறுக்கவில்லை. வில்லிபுத்தூரார் காதை அறுக்க வைத்திருந்த குறடை இனி யார் காதிலும் வைக்காதபடி கீழே போடச் செய்தார் என்கிறது கதை. ‘கருணைக்கு அருணகிரி’ என்ற சொல் அப்படித்தான் வந்தது. புலமையில் அவர் யாருக்கும் ஒரு மாத்திரைகூட விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே அந்தக் கதை சொல்கிறது.

இதைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. எல்லாம் சமம், யாரும் யாரையும் திருத்தக் கூடாது என்று நான் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். போலிக் காசைப் போலி என்று சொல்லத்தான் வேண்டும். வட்டெழுத்தைத் தவறாகப் படித்து ஊருக்கு இல்லாத பெருமையைக் கட்டுபவரை மறுக்கத்தான் வேண்டும். பசை போட்டு ஒட்டினால் தபால்தலை கெட்டுப்போகும் என்பதும் உண்மைதான். அதை நான் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு சொல்லியிருக்க வேண்டும். வேலையில் உள்ள பிழையைச் சொல்வதற்கும், அந்த வேலையைச் செய்ய வந்த ஆளை அளந்து பார்ப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் எங்கள் குழுவில் நாளடைவில் அழிந்துபோயிற்று. உங்கள் குழுவிலும் அப்படியா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். சென்ற தை மாதம் கல்வெட்டுக் குழுவோடு செங்கம் பக்கம் ஒரு நடுகல்லைப் பார்க்கப் போனோம். வண்டியில் இடம் இருந்ததால் காமிக்ஸ் குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞரும் வந்தார். அவரை அழைத்து வந்ததில் பெரியவர்களுக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. வயல் ஓரத்தில் கல் பாதி புதைந்து நின்றது. அதைக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, நனைத்த தாளை மேலே விரித்து, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும் வரை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருந்தார் குழுவின் மூத்தவர். தாள் பாதி காய்ந்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வந்தன. வெறும் கண்ணுக்குக் கீறலாகத் தெரிந்தது, பேச்சாக மாறுவதை எல்லோரும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இளைஞர் மட்டும் எழுத்தைப் பார்க்கவில்லை. வீரனின் உருவத்தைத் தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்தவர், முன்காலில் எடை முழுவதும் விழுந்திருக்கிறது, பின்கால் குதிங்கால் தரையில் இல்லை, ஆகவே இவன் நிற்கவில்லை, பாய்கிறான் என்றார். அம்புகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்து தைத்திருக்கின்றன என்று காட்டி, முதல் அம்பு எது, கடைசி அம்பு எது என்று ஊகித்தார். ஒரே சட்டத்துக்குள் முன்னே நடந்ததையும் பின்னே நடந்ததையும் சேர்த்து வரைவது காமிக்ஸ் வரைகிறவர்களின் அன்றாட வேலை என்றும் சொன்னார். மூத்தவர் மையும் கையுமாக அப்படியே நின்றார். முப்பது ஆண்டுகளாக எழுத்தையே படித்துப் பழகியதால் உருவத்தை இப்படி நின்று பார்த்ததே இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டேன். பிறகு அவர் அந்த இளைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னார். மகேந்திரவர்மன் காலத்தது அது. எசமானோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரைக் கல்லிலேயே வெட்டி, அதன் உருவத்தையும் வீரனுக்குப் பக்கத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நாயை எப்படி வரையலாம் என்பதுதான் இருவருக்கும் பேச்சு.

அதே பழைய வட ஆற்காட்டுக்குள், சவ்வாது மலையில், இன்று திருப்பத்தூர் மாவட்டமாகிவிட்ட பகுதியில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க நம்மில் பெரும்பாலோர் ஒருமுறையாவது போயிருப்போம். 1988 பிப்ரவரியில் அங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு 4130 என்ற எண்ணோடு ‘ராமானுஜன்’ என்று பெயர் வைத்தார்கள். வானியலார் தேடி அலைந்து கண்ட ஒன்றுக்கு, வானத்தைப் பற்றி எதுவும் செய்யாத ஒரு கணித மேதையின் பெயர். அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். நம் கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன், சண்டையில் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். கண்காட்சியை நடத்துவோம். மேசைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவோம். எட்டுச் சீட்டோ ஒன்பது சீட்டோ, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அங்கே வந்திருக்கும் சிறு பிள்ளை ஒருவரைக் கொண்டு எடுக்கச் சொல்வோம். ஒவ்வொரு மேசையிலும் குழுவின் தலைசிறந்த பொருள் மட்டும் இருக்காமல், அந்தக் குழுவின் மூத்தவர் முதன்முதலில் சேர்த்தது, செய்தது, எழுதியது ஏதாவது இருந்தால் அதுவும் பிழையோடு அப்படியே இருக்கட்டும். என் முதல் ஆல்பத்தை நான் கொண்டுவருகிறேன். ஆறாம் வகுப்பில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது. அதை இதுவரை குழுவில் யாருக்கும் காட்டியதில்லை.

புதிதாக யார் வந்தாலும், அவர் எதைப் பார்த்தார், எதில் எழுதினார், எவ்வளவுக்கு வாங்கினார், எத்தனை வைத்திருக்கிறார் என்று கேட்பதற்கு முன்பு, அதில் அவருக்கு எது பிடித்தது என்று கேட்கப் பழகுவோம். இது எங்கள் குழுவில் சென்ற மாதமே தொடங்கிவிட்டது. பழக்கம் இல்லாததால் முதல் இரண்டு வாரம் நாக்கு புரளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேடமிட்டு வரும் பிள்ளைகள் தொலைநோக்கிப் பக்கம் வர வேண்டாம் என்ற நிபந்தனையை வான்நோக்குவோர் திரும்பப் பெற வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் நம்மை எப்படி நினைப்பார்கள் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அட்டை வாளோடு வரிசையில் நின்று ஒரு பிள்ளை சனிக் கோளின் வளையத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது, அதன் முகத்தைப் பார்க்கிற பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு அதே நூலக அறையில் இருப்பேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பசையிலிருந்து தபால்தலையை உரிப்பதற்கு ஓர் அகலத் தட்டும், ஒற்றுத்தாளும், இரண்டு இடுக்கிகளும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண் பிள்ளை அப்பாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தலைப்பாகைக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான
ஓய்வுபெற்ற தபால்காரன், தபால்தலை சேகரிப்பவன்,
வேலூர்.